கறுப்பு வண்டியும் நீல ஸ்டிக்கரும்

எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு ஒருத்தி நிற்கிறாள். எனக்கு மூத்தவள். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தது 1991-ல். அவள் 1989-லேயே வந்துவிட்டாள். "உன் சக்களத்தியைத் துடைச்சியா?" என்று என் மாமியார் கூடக் கேலி செய்வார். திருவொற்றியூர் ஃபாக்டரியில் பிறந்த கறுப்பு புல்லட்!

என் கணவர் 2016-ல் போன பிறகு வண்டியை விற்கச் சொல்லி நாலைந்து பேர் வந்தார்கள். மனசு வரவில்லை. ஆர்.சி. புத்தகத்தை என் பெயருக்கு மாற்றி வைத்துக்கொண்டேன். எனக்கு ஓட்டத் தெரியாது, தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை. ஆனால் கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பிறந்த என் மகள் இருக்கிறாளே, அவள் கற்றுக்கொண்டுவிட்டாள். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மற்ற வண்டி ஓட்டிப் பழகினவர்களுக்குக் காலே குழம்பிவிடும். ஸ்டார்ட் பண்ணவும் ஒரு பூஜை உண்டு. அம்மீட்டர் முள் நடுவுக்கு வருகிற வரைக்கும் கிக்கரை மெல்ல மிதித்து, சின்ன லீவரைப் பிடித்து, அப்புறம் ஒரே உதை. இந்தப் பெண் அதையெல்லாம் அப்பா செய்ததைப் பார்த்தே கற்றுக்கொண்டிருந்தாள்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், 2024-ல், ஒரு ஞாயிற்றுக்கிழமை தார்ப்பாயை விலக்கிவிட்டு நின்றுகொண்டு, "அம்மா, வண்டி ரொம்ப டல்லா இருக்கு. நீலக் கலர்ல வினைல் ராப்பிங் பண்ணிடலாமா?" என்றாள்.

"ராப்பிங்னா?"

"ஸ்டிக்கர் மாதிரிம்மா. வண்டி பூரா ஒட்டிடுவாங்க. பிடிக்கலேன்னா உரிச்சுடலாம்."

"புல்லட்டுக்கு ஸ்டிக்கரா? இதென்ன ஃபிரிட்ஜ் கதவா? ஏன், நம்ம பெயிண்டர் தம்பி எதுக்கு இருக்கார்?" என்றேன்.

அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டது. மூன்று வாரம் எங்கள் வீட்டில் சாம்பாரில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூட யாரும் பேசவில்லை. பெயின்ட்டா, ஸ்டிக்கரா, இதுதான்!

எனக்கு ஏன் அவ்வளவு பிடிவாதம் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் அந்த டேங்க். புல்லட் டேங்கில் ஓடுகிற தங்கக் கோடு மெஷின் போட்டதில்லை. திருவொற்றியூரில் கையில் பிரஷ் பிடித்து, ஸ்கேல் இல்லாமல், ஒரே இழுப்பில் போட்டது. எங்கள் வண்டியில் வலது பக்கக் கோடு அந்த ஃபாக்டரிக் கை. இடது பக்கம் வேறு கை. 1998-ல் மாதவரம் ரோட்டில் குறுக்கே வந்த எருமை மாட்டுக்காகப் பிரேக் போட்டு இவர் விழுந்தார். இவருக்கு முழங்கையில் ஆறு தையல், வண்டிக்கு இடது டேங்கில் கைப்பிடி அளவு குழி. அதை டிங்கரிங் பண்ணி, பட்டி பார்த்து, கறுப்பு அடித்து, தங்கக் கோடும் இழுத்துக் கொடுத்தவர்தான் எங்கள் பெயிண்டர். அப்போது முப்பது வயசுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இருப்பார். ரெண்டு கோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இவர் கோடு ஒரு நூல் அகலம் கூட. என் கணவர் வருகிறவர் போகிறவரை எல்லாம் நிற்கவைத்து, "எது ஃபாக்டரி, எது நம்மாளு, சொல்லு பார்ப்போம்" என்பார்.

சரி, பெண் கேட்கிறாளே என்று அவளோடு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுக்குப் போனேன். வண்டிச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கிற தெரு. ஸ்டிக்கர் கடைப் பையன் நல்ல பையன், பொறுமையாகச் சொன்னான். இதில் இரண்டு ரகம் உண்டாம். ஒன்று உருட்டி அழுத்திச் செய்கிற ஷீட், கொஞ்சம் தடிமன், விலை மலிவு. இன்னொன்று திரவமாக ஊற்றிக் காயவைத்துச் செய்வது, 'காஸ்ட்' என்கிறார்கள். தலைமுடி கனம்கூடத் தேறாது, ஏறக்குறைய 50 மைக்ரான்தான். டேங்க் மாதிரி எல்லாப் பக்கமும் வளைந்த சாமானுக்கு இதுதான் சரிப்படும். மலிவு ரகத்தை இழுத்து ஒட்டினால் நாலு வெயிலில் பழைய ஞாபகம் வந்து சுருங்கிக்கொண்டு ஓரத்தில் கிளம்பிவிடுமாம். (மனுஷர்களிலும் இந்த ரகம் உண்டுதான், விடுங்கள்.)

ஒட்டுவதையும் வேடிக்கை பார்த்தேன். முதலில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைக்கிறார்கள். ஷீட்டைப் போர்த்தி, ஹீட் கன்னால் இளக்கி, நடுவிலிருந்து வெளியே காற்றைத் தள்ளித் தள்ளி ஒட்டுகிறார்கள். அப்பளம் இடுகிறமாதிரி ஒரு லாகவம்! கடைசியில் வளைவிலும் ஓரத்திலும் மறுபடி நன்றாகச் சூடு காட்டினால்தான் அது அந்த வடிவத்திலேயே நிலைக்கும். பார்க்க எனக்கே ஆசையாகத்தான் இருந்தது. ஒரே நாளில் வேலை முடிந்துவிடும், வாடை கிடையாது, தூசு கிடையாது. நல்ல ஷீட்டுக்கு 8,000 ரூபாய் சொன்னான், மலிவுக்கு 3,000.

குறைகளையும் அவன் மறைக்கவில்லை. பெட்ரோல் போடும்போது மூடி ஓரத்தில் சிந்தினால் உடனே துடைக்கவேண்டும், இல்லாவிட்டால் அடியில் போய்ப் பசையை இளக்கிவிடும். வெயிலை நேராக வாங்குகிற மேல்பக்கம் சீக்கிரம் வெளுக்கும். துரு இருக்கிற இடத்தின் மேல் ஒட்டினால் துரு உள்ளேயே வளரும். ஓரத்தை வெட்டும்போது பிளேடு கொஞ்சம் அழுந்தினாலும் கீழே இருக்கிற பெயின்ட்டில் கோடு விழும். அதற்கென்று நூல் வைத்த டேப் இருக்கிறது, அதை உபயோகிக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளவேண்டும்.

இவள் நடுவில், "இந்த மிலிட்டரிப் பச்சை சூப்பரா இருக்கும்மா!" என்று வேறு ஒரு ஷீட்டைத் தூக்கினாள். அங்கேயே பிடுங்கி வைத்தேன். ராணுவ வண்டிகளைத் தவிர வேறு எந்த வண்டிக்கும் ஆலிவ் பச்சை பூசக்கூடாது என்று 1989-ம் வருஷ மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது, 121-வது விதி. இவர் எப்போதோ சொன்னது எனக்கு மறக்கவில்லை. நீலத்துக்கும் ஒரு சங்கடம் இருந்தது. ஆர்.சி.யில் நிறம் 'கறுப்பு' என்று இருக்கிறது. வண்டியையே நீலமாக்கினால், பெயின்ட்டோ ஸ்டிக்கரோ, ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுதிக்கொடுத்து அதையும் மாற்றவேண்டும். எங்களுக்கோ அந்த வருஷம்தான் ஆர்.சி. புதுப்பிக்கிற வருஷம். பதினைந்து வருஷம் முடிந்த வண்டியை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கொண்டுபோய்க் காட்டவேண்டும் இல்லையா? இன்ஸ்பெக்டர் முன்னால் கறுப்பு வண்டியை நீலமாகக் கொண்டுபோய் நிறுத்துவானேன்?

அடுத்த ஞாயிறு பெயிண்டர் ஷெட்டுக்குப் போனோம்.

"வாங்க சிஸ்டரம்மா!" என்று எழுந்தார். எங்கள் பக்கத்தில் எனக்கு அதுதான் பெயர். முப்பத்து மூன்று வருஷம் நர்ஸ் வேலை, அதில் கடைசிப் பதினோரு வருஷம் நெஞ்சக நோய் வார்டு.

வண்டியைச் சுற்றி வந்தார். மட்கார்டு ஓரத்தைத் தட்டிப் பார்த்தார். டேங்கின் இடது பக்கம் வந்ததும் நின்றுவிட்டார். தன் கோட்டின் மேலேயே விரலால் ஒருமுறை போனார். பிறகு என் மகளிடம் சொன்னார்:

"பாப்பா, ஸ்டிக்கர் நல்ல பெயின்ட் மேலதான் நிக்கும். இந்தப் பக்கம் கீழே நான் போட்ட பட்டி இருக்கு. இருபத்தஞ்சு வருஷப் பட்டி. இன்னிக்கு ஒட்டிடுவே. நாலு வருஷம் கழிச்சு உரிப்பே பாரு, என் பட்டியும் பெயின்ட்டும் கோடும் சேர்ந்து கையோட வரும். கம்பெனி பெயின்ட்டு தாங்கும். நான் போட்டது தாங்காது. நானே சொல்றேன்."

தன் வேலை தாங்காது என்று எத்தனை பேர் வாயால் சொல்வார்கள்? என் மகள் வாயை மூடிக்கொண்டாள். எனக்கோ உள்ளூர வெற்றி. "அப்ப நீங்களே பெயின்ட் பண்ணிடுங்க தம்பி" என்றேன். 11,000 ரூபாய் ஆகும் என்றார். எல்லாம் கழற்றி, பழைய பெயின்ட்டைச் சுரண்டி, பட்டி, வாட்டர் பேப்பர், பிரைமர், மறுபடி வாட்டர் பேப்பர், கறுப்பு, மேலே பி.யூ. கிளியர் என்று சொல்லிக்கொண்டே வந்தவருக்கு இருமல் வந்தது. சாதாரண இருமல் இல்லை. முடியும்போது ஒரு விசில் கேட்டது. வார்டில் பதினோரு வருஷம் கேட்ட விசில்.

"எத்தனை நாளா இது?"

"அது கெடக்குது சிஸ்டரம்மா. ரெண்டு வருஷமா. தூசு."

"ராத்திரி வருதா?"

"வேலை செஞ்ச அன்னிக்கு ராத்திரி வரும். பொங்கலுக்கு ஊருக்குப் போனேன், ஒரு வாரம் நல்லாத்தான் இருந்துச்சு."

எங்கள் வார்டு டாக்டர்கள் மூச்சு வாங்குகிறவர்களிடம் முதலில் கேட்கச் சொல்லும் கேள்வியே, "லீவு நாளில் குறைகிறதா?" என்பதுதான். குறைகிறது என்றால் வியாதி வேலையிலிருந்து வருகிறது என்று சந்தேகப்படவேண்டும்.

அந்த மினுமினுப்பான பி.யூ. கிளியரில் ஒரு ஹார்டனர் கலப்பார்கள். அதில் ஐசோசயனேட் என்று ஒரு மருந்து. அடிக்கிறபோது பனி மாதிரி பறக்கும், மூச்சோடு உள்ளே போகும், தோலிலும் படும். எல்லாருக்கும் உடனே ஒன்றும் செய்யாது. சிலருக்கு, மாதமோ வருஷமோ கழித்து, உடம்பு அதை எதிரியாகக் குறித்து வைத்துக்கொள்ளும். அதற்கப்புறம் துளி பட்டாலும் இழுப்பு. இன்னும் மோசம், அதற்குச் சொல்லும்படியான வாடை கிடையாது. நமக்கு மூக்கில் ஏறுகிறதெல்லாம் தின்னர் வாடை. ஆகையால் முகமூடியின் கரி தீர்ந்துபோய் உள்ளே விடுகிறதா என்று மூக்கால் கண்டுபிடிக்க முடியாது. குழாய் வழியாக வெளிக்காற்று வருகிற முகமூடிதான் சரியான காவல். இவர் என்ன கட்டியிருந்தார் தெரியுமா? மகள் கல்யாணத்தில் கொடுத்த கைக்குட்டை!

பூசி நன்றாகக் காய்ந்து இறுகிவிட்டால் வண்டி ஓட்டுகிறவருக்கு ஒரு பயமும் இல்லை. ஆபத்து அடிக்கிறவருக்கும், பக்கத்தில் நிற்கிற பையனுக்கும், ஷெட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கிறவர்களுக்கும்தான். வீட்டில் யாராவது, "நானே யூடியூப் பார்த்து அடிக்கிறேன்" என்று ஹார்டனர் டப்பாவோடு வந்தால் தயவுசெய்து வாசலிலேயே நிறுத்துங்கள். பழைய பெயின்ட்டை உலர்வாகத் தேய்க்கவும் விடாதீர்கள். பழசில் ஈயம் இருக்கலாம், தூசு குழந்தைகள் கைக்குப் போகும். தண்ணீர் விட்டுத் தேய்த்து, அந்தச் சேற்றைத் துணியில் ஒற்றி எடுக்கவேண்டும். கையைத் தின்னரால் கழுவுகிறார்களே, அதுவும் கூடாது, சோப்பு போதும். ஸ்டிக்கர்காரர்களும் ஹீட் கன்னைக் கொஞ்சநேரம் ஒரே இடத்தில் காட்டி ஷீட்டைக் கருக்கினால் அந்தப் புகை நல்லதில்லை.

பெயிண்டரை மறுநாளே நான் வேலைபார்த்த ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். ஊதவைத்துப் பார்த்தார்கள். ஆஸ்துமா. வேலையினால் வந்தது என்றே டாக்டரும் நினைத்தார். இன்ஹேலர் கொடுத்து, "இந்த ஸ்ப்ரே வேலையை விடணும்" என்றார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இவர் கேட்டது ஒரே கேள்விதான்:

"விட்டுட்டு? சோத்துக்கு?"

முப்பத்து மூன்று வருஷ சர்வீஸில் இந்தக் கேள்விக்கு நான் பதில் கற்றுக்கொள்ளவே இல்லை.

வீட்டுக்கு வந்து மகளிடம், "அவர் அடிக்கவேண்டாம். வேற பெரிய கடையில கொடுத்துடலாம்" என்றேன். அவள் சாப்பிட்டுக்கொண்டே சாவதானமாக, "அங்கே அடிக்கிறவருக்கு நுரையீரல் கிடையாதாம்மா?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் பிள்ளைதான், ஆனாலும் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டிருக்க வேண்டாம்! இரண்டு நாள் எனக்கு ஓடவில்லை. சுத்தமான அறை, காற்றுக்குழாய் முகமூடி எல்லாம் வைத்துச் செய்கிற இடங்கள் இருக்கின்றன. போய்ப் பார்த்தேன். அவர்கள் சொன்ன தொகைக்கு இன்னொரு பழைய வண்டியே வாங்கலாம் போலிருந்தது.

வழி சொன்னவர் பெயிண்டரேதான். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் பவுடர் கோட்டிங் செய்கிறார்கள். பெயின்ட்டைப் பொடியாகத் தூவி, மின்சாரத்தால் ஒட்டவைத்து, ஏறக்குறைய 200 டிகிரி அடுப்பில் வேகவைப்பது. ரொட்டி சுடுகிற மாதிரி! தின்னரும் கிடையாது, அந்த ஹார்டனர் பனியும் கிடையாது. பொடித் தூசுக்கு மட்டும் முகமூடி வேண்டும், அங்கே போட்டுக்கொண்டிருந்தார்கள், பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். ஆனால் பட்டி அந்தச் சூட்டைத் தாங்காது. ஆகவே டேங்க்கை அங்கே அனுப்ப முடியாது. மட்கார்டு இரண்டும், இரண்டு பக்கத்துப் பெட்டிகளும் மட்டும் போயின. குழிகளைப் பட்டி இல்லாமல் சுத்தியலாலேயே தட்டி எடுத்துக் கொடுத்தவர் பெயிண்டர்.

"டேங்க்?" என்றாள் மகள்.

"டேங்க்கைத் தொடவேண்டாம்" என்று நாங்கள் இருவரும் ஒரே குரலில் சொன்னோம், நானும் பெயிண்டரும். மூடி ஓரத்தில் பெட்ரோல் தின்ற இடம் அப்படியே இருக்கிறது. இருக்கட்டும். மகள் நாலு ஞாயிறு உட்கார்ந்து ரப்பிங் காம்பவுண்டு போட்டுத் தேய்த்து மெழுகு பூசினாள். கோட்டின் மேல் மட்டும் காம்பவுண்டு படாமல் டேப் ஒட்டிக்கொள்ளச் சொன்னார் பெயிண்டர். முகம் தெரிகிற அளவுக்கு வந்துவிட்டது. இத்தனை வருஷமாய் அந்தக் கறுப்பு உள்ளேயேதான் இருந்திருக்கிறது!

அவளுடைய நீலத்தையும் நான் அடியோடு மறுக்கவில்லை. பக்கத்துப் பெட்டி இரண்டுக்கும் அந்த ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பையனிடமே நல்ல ரகத்தில் நீலம் ஒட்டிக்கொண்டாள். 900 ரூபாய். வண்டி கறுப்பாகவே ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய் ஐந்து வருஷம் வாங்கிக்கொண்டு வந்த பிறகுதான் ஒட்டவிட்டேன், அது வேறு விஷயம். முதல் மழைக்கே ஒரு மூலை கிளம்பிவிட்டது. என் ஹேர் டிரையரை எடுத்துச் சூடு காட்டி அழுத்திவிட்டு, "சரியாப் போச்சு பார்!" என்கிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும்.

பெயிண்டர் ஸ்ப்ரே கன்னைத் தொடுவதே இல்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் பொய்யாகிவிடும். ஆயுதபூஜைக்கு முன்னால் நாலு வேலை வந்தால் அடித்துவிடுகிறார். நான் திட்டினால், "இது பி.யூ. இல்லை சிஸ்டரம்மா, பழைய டூகோ" என்கிறார். அதிலும் தின்னர் இருக்கிறதே! நானும் மகளும் சேர்ந்து ஒரு நல்ல முகமூடி வாங்கிக்கொடுத்தோம். காற்றுக்குழாய் வைத்தது எங்களுக்குக் கட்டுப்படி ஆகவில்லை. பவுடர் கோட்டிங் இடத்தில் பழைய புல்லட்காரர்கள் கோடு இழுக்க ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்து, என் மகள் அங்கே போய் எங்கள் டேங்கின் போட்டோவைக் காட்டிவிட்டு வந்தாள். மாதத்தில் நாலைந்து வண்டி வருகிறது. அது போதாது என்று எனக்கும் தெரியும்.

புது மட்கார்டுகளுக்குக் கோடு இழுத்தது எங்கள் வீட்டு வாசலில்தான். காலை ஏழரை மணி, வெயில் ஏறுவதற்கு முன்னால். அணில் முடி பிரஷ், ஒரு பழைய ஹார்லிக்ஸ் மூடியில் தங்க எனாமல். கோடு இழுக்கிறபோது மூச்சை அடக்கிக்கொள்ளவேண்டும். இடையில் இருமல் வந்தால் அவ்வளவுதான். ஆகவே முதலில் இன்ஹேலரை இரண்டு தடவை இழுத்துக்கொண்டார். நான் கடிகாரம் பார்த்தேன். பத்து நிமிஷம் திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். காப்பி கொடுத்தேன், பிறகு என்று கையைக் காட்டினார்.

அப்புறம் குந்தி உட்கார்ந்து, சுண்டு விரலை மட்கார்டு ஓரத்தில் ஊன்றி, ஒரே இழுப்பு. நானும் மகளும் ஏனோ எங்கள் மூச்சையும் பிடித்துக்கொண்டு நின்றோம்.

முடித்துவிட்டு டேங்கின் இடது பக்கத்தையும் இதையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்தக் கோடு கொஞ்சம் தடிப்பாப் போட்டுட்டேன் அப்போ. சார் சொல்லவே இல்லையே" என்றார்.

"உங்ககிட்ட சொல்லலே. ஊர் பூரா சொன்னார்" என்றேன்.

சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறவில்லை. அதற்குள் காப்பி ஆறிப்போயிருந்தது, சூடு பண்ண உள்ளே எடுத்துக்கொண்டு போனேன்.